தங்க நிறத் திருகாணி

கடைத்தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. பத்து வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அந்த வேலையை உட்கார்ந்து சம்பாதிக்கிற வேலை என்று சொல்பவர்கள் ஒருநாள் அவள் எதிரில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். வந்தவரின் முகத்துக்கு நேராகக் குனிந்து, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பாள். பிறகு பிரேமின் கைகளைச் சூடுகாட்டி வளைத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டவைப்பாள். மூக்கில் உட்காரும் இரண்டு சின்னத் தாங்கிகளையும் அரிசி அகலம் இப்படியும் அப்படியும் நகர்த்துவாள். இவ்வளவும் ஒரு சாண் தூரத்தில் நடக்கும். கட்டிய கணவன்கூட மனைவியின் முகத்தை அத்தனை கிட்டத்தில் அத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டான்.

அந்த ஒரு சாண்தான் அவளுக்கு வினையாக வந்தது. அவள் அவர்களைப் பார்க்கும்போது அவர்களும் அவளைப் பார்த்தார்கள். கன்னத்திலும் தாடையிலும் பருக்கள். பதினெட்டு தாண்டினால் போய்விடும் என்றார்கள், இருபத்தைந்தில் நிச்சயம் போய்விடும் என்றார்கள். வயதுதான் ஒவ்வொன்றாகப் போனதே தவிர பரு அசையவில்லை. ஒருமுறை பெரியவர் ஒருவருக்குப் படிக்கிற கண்ணாடியை மாட்டி, "தெளிவா தெரியுதாங்களா?" என்று கேட்டாள். அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா தெரியுதும்மா. ஏம்மா, இதுக்கெல்லாம் மருந்து போடக் கூடாதா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

அழுதது அண்ணியிடம். அவளுக்கு அழ வேறு இடம் கிடையாது. அம்மா போன மறுவருடம் அண்ணி அந்த வீட்டுக்கு வந்தாள். கண்ணாடிக்காரிக்கு அப்போது பத்தொன்பது வயது. சமைக்கத் தெரியாது, துக்கத்தை யாரிடமும் சொல்லவும் தெரியாது. அண்ணி வந்த மூன்றாம் நாளே அவளை முன்னால் உட்காரவைத்துத் தலைவாரிவிட்டாள். காய்ச்சல் வந்தால் விழித்திருந்தாள். கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய், "இவ கை நடுங்காதுங்க, எதைக் கொடுத்தாலும் சரியா பண்ணுவா" என்று பேசி வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். அண்ணி கிழித்த கோட்டை அவள் தாண்டியதில்லை. தாண்ட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இப்படி இருக்கையில் அண்ணி வீட்டிலேயே ஒரு வியாபாரம் தொடங்கினாள். முகத்துக்குப் போடும் அமிலங்கள். பெரிய கேனில் வரவழைத்து, சின்னப் பாட்டில்களில் ஊற்றி, அழகாக லேபிள் ஒட்டி, போனில் ஒரு விற்பனைப் பக்கம் தொடங்கி விற்றாள். லேபிள் ஒட்டுவது அண்ணனுக்கு ஒதுக்கப்பட்ட இலாகா. கல்யாணமான நாளிலிருந்தே அவனுக்கென்று வேறு இலாகா எதுவும் இருந்ததில்லை.

"ஆசிட்டா? முகத்துலயா?" என்று கண்ணாடிக்காரி முதலில் பதறித்தான் போனாள்.

"ஆசிட்னதும் கக்கூஸ் கழுவுறதுன்னு நெனச்சுட்டியா? இது கரும்புலயும் பாலுலயும் இருக்கறதுதான்டி. மேல செத்துப்போன தோலை மெல்லக் கழட்டி விட்டுடும். அடைப்பு போச்சுன்னா பரு எங்க இருந்து வரும்?" என்றாள் அண்ணி. "உனக்குத் தப்பானதை நான் தருவேனா?"

அந்தக் கடைசிக் கேள்வி போதும், கண்ணாடிக்காரி ஒத்துக்கொண்டாள்.

தொடங்குவதற்கு முன் அண்ணி அவளை ஜன்னலோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம். கண்ணாடியைக் கழற்றப் போனவளைத் தடுத்து, "கழட்டாத, அதோடதான் நீ நீயா இருக்கே. இதை வெச்சுக்குவோம், போகப் போக எப்படி மாறுதுன்னு பாக்கணும்ல" என்றாள். அப்போது அவள் போட்டிருந்தது பழுப்புப் பிரேம். அதன் இடது மூட்டில் திருகாணி விழுந்துவிட்டதால், ஒரு குழந்தைக் கண்ணாடியிலிருந்து தங்க நிறத் திருகாணி ஒன்றைக் கழற்றி அவளே போட்டிருந்தாள். ஊரில் எத்தனையோ பேருக்குக் கண்ணாடி சரிசெய்கிறவளின் சொந்தக் கண்ணாடிக்கு ஒட்டுப்போட்ட திருகாணி என்று முதலாளி கேலி செய்வார். அடுத்தவர் மூக்கைப் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்குத் தன் மூக்கைக் கவனிக்க நேரம் ஏது?

முதலில் கொடுத்தது சாலிசிலிக் என்ற அமிலம், இரண்டு சதவீதம், ஒருநாள் விட்டு ஒருநாள். அதைக் குறை சொல்ல முடியாது. மூன்று வாரத்தில் மூக்கோரம் இருந்த கரும்புள்ளிகள் குறைந்தன, புதிய பருக்கள் வருவது கொஞ்சம் அடங்கியது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது. அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பழைய படத்தைப் போனில் விரித்து விரித்து, அவள் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "ஒண்ணுமே தெரியலையேடி" என்று உதட்டைப் பிதுக்கினாள். பிறகு கிளைகோலிக் என்ற இன்னொரு அமிலம் வந்தது, பத்து சதவீதம், தினமும். அதற்கு மேலேயே சாலிசிலிக்கும். முகம் இழுத்துப் பிடித்தது, சோப்புப் பட்டால் காந்தியது. "வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் அண்ணி. கண்ணாடிக்காரி தலையாட்டினாள்.

கடைசியில் வந்தது அதே கிளைகோலிக், முப்பது சதவீதம். அந்தக் கேனின் ஓரத்தில், பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தவும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. கடையில் பார்வைப் பலகையின் கடைக்கோடி வரியை நாளெல்லாம் மற்றவர்களைப் படிக்கச் சொல்கிறவள் அவள். அந்தப் பொடி எழுத்தை மட்டும் படிக்கவில்லை. அண்ணி படித்திருப்பாள் என்று விட்டுவிட்டாள்.

அன்று காலை எழுந்தபோதே மூக்கில் கண்ணாடி உட்கார்ந்த இடம் ரணமாக எரிந்தது. வெடுக்கென்று பிடுங்கினாள்; கை தவறிக் குளியலறைத் தரையில் விழுந்தது; குனிவதற்குள் அவள் காலே அதன்மேல் ஏறிவிட்டது. பழுப்புப் பிரேம் நடுவில் இரண்டாகப் போயிற்று. துண்டுகளை ஒரு தாளில் மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள். அப்போதாவது, வேண்டாம் அண்ணி, தோல் தாங்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். லேசாகச் சொல்லவும் சொன்னாள்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன? மூணே நிமிஷம், கண்ணை மூடிக்கோ" என்று அண்ணி பஞ்சில் நனைத்துத் தடவினாள்.

மூன்று நிமிடம் ஐந்தாயிற்று. "எரியுது அண்ணி." "இன்னும் கொஞ்சம்." ஐந்து எட்டாயிற்று. கழுவியபோது தண்ணீர் படப்படக் கத்தினாள். கன்னமும் தாடையும் வெளிறி, பிறகு சிவந்து, மறுநாள் கறுத்துப் பொருக்குத் தட்டின. அண்ணி பக்கத்திலேயே இருந்தாள். ஈரத்துணி மாற்றினாள், கரண்டியால் கஞ்சி ஊட்டினாள், "என் கையே இப்படிப் பண்ணிடுச்சே" என்று அழவும் செய்தாள். அழுகையின் நடுவில் போனை எடுத்து, "டாக்டருக்குக் காட்டணும், அசையாம இரு" என்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். தோல் மருத்துவர் எந்தப் படத்தையும் கேட்கவில்லை. நேரே முகம் இருக்கும்போது படம் எதற்கு? எல்லாவற்றையும் நிறுத்துங்கள், மென்மையாகக் கழுவுங்கள், சாதாரண ஈரப்பசைக் களிம்பு போதும், வெயிலில் அலையாதீர்கள், கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

கடையில் முதலாளி அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கெட்டவர் இல்லை, வியாபாரி. "ஏம்மா, பத்து நாள் உள்ள மெஷின்ல இரு. வர்றவங்க பயந்துக்குவாங்க" என்றார். உள்ளறை என்பது லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்தெடுக்கும் இயந்திரம் இருக்கிற இடம். ஜன்னல் கிடையாது. தண்ணீர் தெறிக்கும், சத்தத்தில் பாட்டுக் கேட்க முடியாது. பத்து நாள் என்றது ஐந்து மாதமாயிற்று. முன்னால் அவள் இடத்தில் முதலாளியின் மருமகன் அளவெடுத்தான். அவன் மாட்டிவிட்ட கண்ணாடிகளில் பாதி ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தன. அவற்றைச் சரிசெய்வதும் உள்ளறையில் இவள்தான். முகத்துக்கு முன்னால் நிற்கத்தான் அனுமதி இல்லை. திரும்ப அந்த ஒரு சாண் தூரத்துக்குப் போவோமா என்பது ஒன்றுதான் அவளுக்கு நினைப்பு. அதற்காகவும் அண்ணியை அவள் நொந்துகொள்ளவில்லை. நல்லதை நினைத்துச் செய்தது, கை மீறிப்போய்விட்டது என்றே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அண்ணியும் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வியாபாரம் மட்டும் எப்படியோ சூடுபிடித்திருந்தது. கூடத்தில் காலடி வைக்க இடமில்லாமல் அட்டைப்பெட்டிகள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கடைவாசலில் ஒரே சத்தம். ஓர் அம்மா, கல்லூரியில் படிக்கிற தன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன கண்ணாடி விக்கிறீங்க நீங்க? பொண்ணு மூக்கே புண்ணாப் போச்சு, பாருங்க!"

மருமகன் திருதிருவென்று விழித்தான். முதலாளி உள்ளே எட்டிப் பார்த்து, "ஏம்மா, கொஞ்சம் வந்து பாரு" என்றார். முகக் கறை தெரியாமல் போட்டிருந்த மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு ஐந்து மாதத்துக்குப் பிறகு கண்ணாடிக்காரி முன்னால் வந்தாள்.

பெண்ணை உட்காரவைத்துக் குனிந்தாள். தாங்கிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. அவை உட்கார்ந்த இடத்தில் தோல் பளபளவென்று மெலிந்து, ஓரங்களில் செதில் செதிலாக உரிந்திருந்தது. கன்னத்திலும் அதே பளபளப்பு. அது எதன் வேலை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"முகத்துக்கு என்னம்மா போடறே?"

பெண் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். லேபிள் சற்றே சாய்வாக ஒட்டியிருந்தது. அண்ணன் எப்போதும் சாய்வாகத்தான் ஒட்டுவான்.

"இது ரொம்ப நல்லதாம்க்கா. இந்தப் படத்தைப் பாருங்க, இந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்தது, எப்படி ஆயிடுச்சு! இப்படி ஆகணும்னுதான் நானும் வாங்கினேன்" என்று போனை நீட்டினாள்.

இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம், "முன்பு": பொருக்குத் தட்டிக் கறுத்த ஒரு முகம். வலது பக்கம், "பின்பு": ஜன்னல் வெளிச்சத்தில், அங்கங்கே நாலு பருவோடு, தெளிவான ஒரு முகம். அடையாளம் தெரியக் கூடாது என்று இரண்டிலும் கண்களின் மேல் கறுப்புப் பட்டை. அந்தப் பெண்ணைப் பார்த்து ஐயோ பாவம் என்றுதான் கண்ணாடிக்காரிக்கும் முதலில் தோன்றியது. தன் முகமே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் தொழில் பழக்கம் விடுமா? யார் படத்தைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் போவது பிரேமுக்கு. வலது படத்தில் கறுப்புப் பட்டை முடிகிற இடத்தில் ஒரு மூட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்புப் பிரேமின் மூட்டு. அதில் தங்க நிறத்தில் ஒரு திருகாணி.

ஊர் உலகத்தில் அந்தப் பிரேமுக்கு அந்தத் திருகாணி போட்ட ஒரே ஆள் அவள்தான். அண்ணிக்குக் கண்ணை மறைக்கத் தெரிந்திருந்தது, கண்ணாடியை மறைக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கணக்கு ஒவ்வொன்றாக விழுந்தது. முகம் வெந்த அன்று காலையில்தான் பிரேம் உடைந்தது. அப்படியென்றால் "பின்பு" என்று போட்டிருக்கும் படம் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம், ஒரு சொட்டு அமிலமும் படுவதற்கு முன் எடுத்தது. "முன்பு" என்று போட்டிருப்பது டாக்டருக்கு என்று சொல்லி எடுத்தது. கஞ்சி ஊட்டிய கையாலேயே எடுத்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறாள். மேய்ந்த பயிர் தான்தான் என்று இப்போதுதான் தெரிந்தது.

"என்னம்மா, நம்ம கண்ணாடியில குறையா இல்லையா, சொல்லு" என்று முதலாளி அவசரப்பட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். வேறு தாங்கி மாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வீட்டு மானம் வீட்டோடு இருந்திருக்கும். அவள் அந்தப் பெண்ணின் மூக்கைப் பார்த்தாள். பிறகு மாஸ்க்கைக் கழற்றினாள்.

"இந்த ரெண்டு படமும் நான்தாம்மா" என்றாள். "ஆனா மாத்திப் போட்டிருக்காங்க. இந்தத் தெளிவான மூஞ்சி தொடங்கறதுக்கு முன்னாடி எடுத்தது. இதோ, இந்தக் கறுத்த மூஞ்சிதான் அதைப் போட்ட பிறகு. இப்போ பாரு, அஞ்சு மாசமாச்சு, இன்னும் கறை போகல."

அம்மாவின் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. பெண் அவள் கன்னத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ இது வேண்டாமாக்கா?"

"இதைத் தூக்கிப் போடு. கொஞ்ச நாளைக்கு எதுவுமே போடாதே, சும்மா கழுவு, வெயில்ல அலையாதே. தோல் டாக்டர்கிட்ட காட்டு. புண்ணு ஆறுற வரைக்கும் பழைய கண்ணாடியை மாட்டிக்கோ, அதுதான் லேசா இருக்கும்" என்று சொல்லி, புதிய கண்ணாடிக்கு மெத்தென்ற தாங்கிகளை மாட்டிக் கொடுத்தாள். கை நடுங்கவில்லை. முதலாளி தொண்டையைக் கனைத்தார், ஆனால் மாஸ்க்கைப் போடு என்று சொல்லவில்லை.

சாயங்காலம் பேருந்தில் உட்கார்ந்து, அண்ணியின் பக்கத்தைத் தேடி எடுத்து, அந்தப் படத்துக்குக் கீழே எழுதினாள். "இரண்டும் என் முகம். 'பின்பு' என்பது மருந்து போடும் முன் எடுத்தது. 'முன்பு' என்பது இந்த மருந்து சுட்டது." கீழே தன் பெயரையும் போட்டாள். அந்தப் பெயரை அவளே எழுதி நாளாகியிருந்தது.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணி கூடத்தின் நடுவில், அட்டைப்பெட்டிகளுக்கு மத்தியில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் லேபிள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தேனே உன்னை. தலைவாரி விட்டேன், வேலை வாங்கிக் கொடுத்தேன். துரோகி!"

துரோகி! அந்தச் சொல்லை வழியெல்லாம் கண்ணாடிக்காரி தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அண்ணி முந்திக்கொண்டுவிட்டாள்.

"அண்ணா, உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்ணை மறைச்சுப் போடுன்னு நான்தான் சொன்னேன். உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு..." என்றான் அண்ணன். அவன் இலாகா லேபிளோடு நிற்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, மடித்த தாளை எடுத்து, உடைந்த பிரேமின் இடது பாதியை அண்ணியின் முன்னால் வைத்தாள். தங்க நிறத் திருகாணி மேலே தெரிந்தது.

"இது உடைஞ்ச அன்னிக்குத்தான் என் முகம் வெந்தது. இதைப் போட்டுட்டு நான் எப்படி அண்ணி 'பின்பு' படத்துல இருக்கேன்?"

அண்ணி அதைப் பார்த்தாள். மறுக்க வழி இல்லை என்று தெரிந்ததும் குரல் இறங்கியது, அழுகையும் வந்தது. "என்னடி பண்ணச் சொல்றே? தொடங்கியாச்சு, பெட்டி பெட்டியா வந்து எறங்கிடுச்சு, காட்டறதுக்கு ஒரு மூஞ்சி வேணும். உன்னை அசிங்கமாவா காட்டினேன்? நல்ல படத்தைத்தானே பின்னாடி போட்டேன்? பன்னெண்டாயிரம் பேரு பாத்தாங்க, ஒருத்தராவது குறை சொன்னாங்களா? இப்படி ஒரு முகம் வேணும்னு கேட்டுக் கேட்டு வாங்கறாங்கடி." போனை எடுத்து அந்த வலது படத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "நீயே பாரு. இதுல உனக்கு என்ன குறை? நல்லாத்தானே இருக்கே?"

கண்ணாடிக்காரி பார்த்தாள். ஜன்னலோரம், ஞாயிற்றுக்கிழமை காலை, நாலு பரு. உண்மைதான். ஒரு குறையும் இல்லை.

"நல்லா இருக்குன்னு பன்னெண்டாயிரம் பேருகிட்ட சொல்லியிருக்கீங்களே அண்ணி" என்றாள். "படம் எடுத்த அன்னிக்கு, அங்கேயே, என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

அண்ணி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சிறிது நேரத்தில் போனின் வெளிச்சம் தானாக அணைந்தது.